ஆறு வளையக் கயிறு

நவம்பர் 3

பாப்பாவுக்கு,

எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். வருஷத்துக்கு எண் சொல்ல எனக்கு வராது. ஆற்றுப் பாலம் திறந்த வருஷம் அது. திறக்க வந்த அமைச்சரின் கார் நட்டநடுப் பாலத்தில் நின்றுபோய், நாற்பது பேர் தள்ளிக் கரை சேர்த்தோம். "பாலம் நல்லாத்தான் இருக்கு, காருக்குத்தான் பயம்" என்று உன் அப்பா சொல்ல, தள்ள முடியாமல் சிரித்தோம். பஞ்சாலையைப் பூட்டியதும் அதே வருஷம்தான். ஓட்டைக் காசு இனி செல்லாது என்று அறிவித்தார்கள். சர்க்கரைக்கு விடிகாலையிலேயே வரிசை. உனக்கு முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. நாங்கள் லாரி ஏறிய அன்று நீ ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையைத்தான் ஆட்டினாய். இதில் எதை வேண்டுமானாலும் பிடித்து நீயே எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்.

நீ போன் போட்டாயாம். மருமகள் சொன்னாள். போனில் எனக்குப் பாதி காற்றுதான் கேட்கும். கடுதாசி என்றால் தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா இருக்கிறாள். மத்தியானம் ரெண்டிலிருந்து நாலுவரை அவளுக்கு வியாபாரம் மந்தம். உன் கடுதாசியை என் நல்ல காதுக்குள் வாயை வைத்துக் கத்திப் படிப்பாள், நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவனெல்லாம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். அதனால் வீட்டு விஷயம் ஏதாவது இருந்தால் பார்த்து எழுது.

பனிக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகப்போகிறேன் என்கிறாய். பனிக்காலத்தில் அங்கே யாரும் போவதில்லை, மாட்டிக்கொள்வார்கள். நாங்களும் மாட்டிக்கொண்டோம். கணவாய்ச் சாலையை வெட்டிச் சீர்பண்ணப் போன ஏழு பேர். பனி விழுகிறதுக்குள் திரும்பவேண்டியது, நாலு மாசம் அங்கேயே கிடந்தோம். போகிறவள் கோடையில் போ. இப்போது பஸ்ஸே போகிறதாமே. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா.

உன் அம்மா போன செய்தி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. வந்திருப்பேன்.

உன் பெரியப்பா

*

நவம்பர் 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஐம்பத்தொரு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்டு எழுதியதை மருந்துக்கடையில் எத்தனை பேர் கேட்டார்களோ. பல் கதை வேறு. இருக்கட்டும். பாலத்தை வைத்து வருடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்பாவைப் பற்றி வந்த அலுவலகக் கடிதத்திலும் அதே வருடம்தான். சரிபார்க்கத்தான் கேட்டேன்.

அந்தக் கடிதம் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருந்தது. "கணவாயிலிருந்து இறங்கும்போது மூன்றாம் வளைவில் பனிச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டார்" என்று ஒரே வரி. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருக்கிறது. அம்மா ஒட்டியிருக்க வேண்டும். என்னிடம் காட்டியதே இல்லை.

கோடையில் போகச் சொல்கிறீர்கள். நான்கு வருடம் முன்பு கோடையில்தான் போனேன், உங்களிடம் சொல்லவில்லை. ஊரில் வரிசையாகப் பூட்டிய கதவுகள். குழாயடியில் ஒரு பாட்டியைப் பிடித்து, பஸ் கண்டக்டரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார். "கோடையில் இங்க யாரைத் தேடறீங்க? எல்லாரும் ஆட்டை ஓட்டிக்கிட்டு மேல் புல்வெளிக்குப் போயாச்சு. பனி விழுந்தப்புறம் வாங்க. அப்பத்தான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, பேசவும் நேரம் இருக்கும்" என்றார். தான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டே முப்பது வருடம்தான் ஆகிறது, பழைய கதை தெரியாது என்றும் சொன்னார்.

அதனால்தான் பனிக்காலம். என் முட்டி டாக்டர் இந்த ஒரு வருடம்தான் உத்தரவாதம் கொடுக்கிறார். ஜனவரி 28 கிளம்பி, உறைந்த ஆற்றின் மேல் ஆறு நாள் நடந்தால் ஊர் வந்துவிடுமாம். என்னோடு எங்கள் நில அளவை அலுவலகத்துச் சங்கிலிக்காரரும் வருகிறார். இருபது வருடமாக நான் படம் போட, அவர் சங்கிலி இழுக்கிறார். வழிகாட்டிகள் இரண்டு பேர்.

உங்களிடம் கேட்கவேண்டியவை: காலுக்கு என்ன போடுவது? என்ன சாப்பாடு எடுத்துப்போவது? ஊரிலிருந்து நீங்கள் தங்கியிருந்த கல் கொட்டகைக்கு எத்தனை தூரம்? பாதை ஓடைக்கு எந்தப் பக்கம்?

அப்பா கிடக்கும் இடத்தில் ஒரு தடவை போய் நிற்கவேண்டும், பெரியப்பா. வேறு எதுவும் இல்லை. ஊராருடைய நிலத்துக்கெல்லாம் முப்பது வருடமாக எல்லைக்கல் குறித்துக் கொடுக்கிறேன். இந்த ஒரு இடம் எனக்குத் தெரியாது.

உங்கள் மகள்

*

நவம்பர் 20

பாப்பாவுக்கு,

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ. உன் அப்பாவும் அப்படித்தான். உப்புக் குறைவு என்று யாராவது சொல்லிவிட்டால், மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைத்துப் போடுவார்.

சரி, எழுதிக்கொள். காலுறை மூன்று ஜோடி. ஒன்று காலில், ஒன்று மூட்டையில், ஒன்று வயிற்றில். ஆமாம், சட்டைக்கு உள்ளே, தோலோடு. ஈரமானதை அங்கே வைத்தால் நடக்கும்போதே காயும். நாற்றம் வரும், வரட்டும். விரல் போனால் வராது. படுக்கும்போது செருப்பு பூட்ஸு எல்லாவற்றையும் போர்வைக்குள் இழுத்துக்கொள். வெளியே விட்டால் காலையில் கல்லாக இருக்கும், அதற்குள் காலை விட அழவேண்டிவரும்.

வேர்க்கிற மாதிரி நடக்காதே. குளிருகிறதே என்று வேகமாக நடப்பவன்தான் முதலில் படுப்பான். தாகம் என்று பனியை அள்ளி வாயில் போடாதே, காய்ச்சிக் குடி. முகம் கழுவாதே. எண்ணெய் பூசு, கண்ணுக்குக் கீழே கரி தேய். கறுப்புக் கண்ணாடி இருக்கிறது என்பாய், இருந்தாலும் தேய். கொழுப்பாகச் சாப்பிடு. ஊரில் டாக்டர் வேண்டாம் என்பதையெல்லாம் அங்கே சாப்பிடலாம். இதைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள்.

(இது நான் எழுதுவது. அம்மா, இவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது. இவர் சொல்வதைக் கேட்டு யாரும் சாப்பிட வேண்டாம். மருந்துக்கடை.)

என்னவோ எழுதிக்கொண்டாள். ஆற்றின் மேல் நடக்கும்போது கையில் தடி இருக்கட்டும். தட்டிப் பார்த்து நட. தரையைத் தட்டின மாதிரி கெட்டியாகக் கேட்டால் போ. காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்டால் ஓரம் கட்டு. மத்தியானத்துக்கு மேல் நடக்காதே. வழிகாட்டி உட்கார்ந்தால் நீயும் உட்கார், ஏன் என்று கேட்காதே. சங்கிலிக்காரரிடமும் சொல்லிவை.

நீ கடுதாசியோடு வைத்திருந்த வரைபடத்தை மருந்துக்கடைக்காரம்மா என் முன்னால் விரித்துப் பிடித்தாள். ஈரச் சுவரில் பூஞ்சை படர்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடினால் தெரிகிறது. ஊருக்கு மேலே ஓடை, ஓடைக்கு இடப்பக்கம் பாதை, உட்கார்ந்த நாய் மாதிரி ஒரு பாறை. அதைத் தாண்டினால் ஏற்றம். நல்ல நாளில் அரை நாள் நடை.

ஆனால் அங்கே போய்ப் பிரயோஜனம் இல்லை. கொட்டகை எப்போதோ இடிந்துபோய்விட்டது. ஊரோடு நின்றுகொள். அங்கிருந்து பார்த்தாலே எல்லா மலையும் தெரியும். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடு.

பெரியப்பா

*

டிசம்பர் 1

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

காலுறையை வயிற்றில் வைத்துச் சங்கிலிக்காரர் ஒரு வாரமாகப் பழகுகிறார். "மேடம், உங்க பெரியப்பா நம்மள வச்சு விளையாடலியே?" என்று நேற்றுக் கேட்டார். வழிகாட்டிகளும் அதையேதான் சொன்னார்கள் என்றதும் ஆளே அடங்கிவிட்டார்.

இரண்டு விஷயம், பெரியப்பா.

கொட்டகை இடியவில்லை. மூன்று வருடம் முன்பு எடுத்த அளவையில் இருக்கிறது. கூரை புதிதாக மாற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவதை எப்படி எழுதுவது என்று நாலு நாள் யோசித்தேன். மூன்றாம் வளைவை நான் பெரிய அளவில் வரைந்து பார்த்தேன். அங்கே சாய்வு பத்துப் பாகைகூட இல்லை. மேலே பார்த்தாலும் அகலமான மேடுதான், ஒரு விளையாட்டுத் திடல் மாதிரி. பனி சரிய முப்பது பாகையாவது வேண்டும். சங்கிலிக்காரரிடம் படத்தைக் கொடுத்து, காரணம் சொல்லாமல், இங்கே பனி சரியுமா என்றேன். "இங்கயா? இங்க ஒரு பந்தை வச்சாக்கூட உருளாதே" என்றார்.

இரண்டாம் வளைவு, நாலாம் வளைவு, ஒன்பது வளைவுகளையும் பார்த்துவிட்டேன். பாதையில் எங்குமே ஒரு ஆளை அடித்துப்போகும் சரிவு இல்லை.

யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் எவராவது தெரியாமல் எழுதியிருப்பார்கள். ஆனால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். அப்பா எந்த இடத்தில் விழுந்தார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பாணியிலேயே சொல்லுங்கள், நாய்ப் பாறை, ஓடை என்று. நான் படத்தில் குறித்துக்கொள்கிறேன். கொட்டகைவரை ஏறுவதற்கு எத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்று வழிகாட்டிகளுக்கு இந்த மாதத்துக்குள் சொல்லவேண்டும்.

உங்கள் மகள்

*

டிசம்பர் 15

பெறுநர்: நில அளவை அலுவலக வரைவாளர் அம்மையார் அவர்கள்

பொருள்: கணவாய்ச் சாலைப் பணியில் சமையல்காரர் விடுபட்டது தொடர்பாக

மேலே இருப்பதை நான் சொல்லவில்லை. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம் வந்திருக்கிறேன். பொருள் போடாமல் அவருக்குக் கை ஓடாதாம். "என்ன பொருள் பெரியவரே?" என்றார். சொன்னேன். அவர் போட்ட வார்த்தைதான் "விடுபட்டது". சரியான வார்த்தைதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதற்குமேல் நான் சொல்வதைத் திருத்தாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். மருந்துக்கடையில் வைத்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பனி சரியவில்லை, அம்மா. உன் படம் சொல்வது சரி.

நாங்கள் ஏழு பேர் கொட்டகையில் இருந்தோம். நான் மேஸ்திரி, உனக்குப் பழக்கத்தில் பெரியப்பா. பிறகு வெடிக்காரர், தச்சர், கொத்தனார், கண்ணாடி, ரேடியோ, உன் அப்பா. கண்ணாடிக்கு எழுதப் படிக்கத் தெரியும், மூக்கில் கண்ணாடி. ரேடியோ, வாயை மூடத் தெரியாதவன். கீழ் ஊரிலிருந்து ஒரு வாலிபன் அடிக்கடி மேலே வருவான். முதல் தடவை உப்புக் கேட்டு வந்ததால் உப்புக்காரன் என்று கூப்பிட்டோம். அவன் பேச்சு எங்களுக்குப் புரியாது, எங்கள் பேச்சு அவனுக்குப் புரியாது. கையால்தான் பேசிக்கொள்வோம்.

அன்று காலையில் அவன் மூச்சு வாங்க ஏறி வந்தான். வானத்தைக் காட்டினான், தரையைக் காட்டினான், தன் கழுத்துவரை கையை வைத்துக் காட்டினான். இன்றைக்கே இறங்கிவிடுங்கள் என்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. நாங்கள் மூட்டை கட்டுவதற்குள்ளேயே காற்று எழுந்துவிட்டது. நீட்டின கை தெரியவில்லை.

பனிக்காற்றில் இறங்க எனக்கு ஒரு முறை உண்டு. நானே வைத்துக்கொண்டது. நீளக் கயிற்றில் நான் முன்னால். எனக்குப் பின்னால் ரெண்டு ஆள் கை விரித்த தூரத்துக்கு ஒரு வளையம், ஆளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு. அவரவர் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது. கத்தினால் காற்றில் கயிற்றின் கடைசிவரை கேட்காது. அதனால் நான் நின்று கயிற்றை ரெண்டு தடவை இழுப்பேன். அதற்குப் பதிலாக அவனவன் வரிசையில் ஒவ்வொரு இழுப்பு இழுப்பான். ஆறு இழுப்பு வந்தால் எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். எழுத்து தெரியாதவனுக்கு விரல்தானே கணக்கு. அந்த முறையில் மூன்று வருஷம் ஒருத்தனும் தொலைந்ததில்லை.

எல்லாரும் மாட்டியாச்சா என்று ரெண்டு தடவை இழுத்தேன். ஆறு இழுப்பு வந்தது. கிளம்பினேன்.

ஓடைக்கு வந்ததும் எண்ணினேன். ஆறு. நாய்ப் பாறையில் எண்ணினேன். ஆறு. ஊர் எல்லைச் சுவரைத் தடவிப் பிடித்தபோது எண்ணினேன். ஆறு. மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன், அம்மா. அதையும் எழுதச் சொல்கிறேன்.

ஊரில் முதல் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போனோம். அடுப்பு எரிந்தது. ஒவ்வொருத்தனாக வந்து பனியை உதறினான். ஆறாவதாக வந்து உதறினவன் உப்புக்காரன்.

அவனும் எங்களோடு இறங்குவான் என்று எனக்குத் தெரியும். ஏழாவது வளையம் ஒன்று போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வழி தெரிந்தவன், கயிறு எதற்கு என்று விட்டுவிட்டேன். அவன் ஊர் வழக்கம் வேறு. ஊர்க்காரன் கடைசியில்தான் வரவேண்டும், பின்தங்குகிறவனைப் பார்த்துக்கொள்ள. கடைசி வளையம் சும்மா கிடந்ததைப் பார்த்து, தனக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று மாட்டிக்கொண்டான். உன் அப்பா அந்த நேரம் உள்ளே இருந்தார். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கவிழ்க்காமல் அவர் எந்த இடத்தையும் விட்டுக் கிளம்பமாட்டார்.

அவனுக்கு முன் வளையத்தில் ரேடியோ. வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பி உன் அப்பாவோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறான். ஊருக்குப் போனதும் என்னென்ன சமைக்கவேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறான். காற்று தணிகிற நேரத்தில் பின்னால் இருந்து "ம்" என்று பதில் வந்திருக்கிறது. உப்புக்காரனுக்கு ஒரு வார்த்தை புரியாது, மரியாதைக்கு "ம்" போட்டிருக்கிறான்.

நான் முகத்தை எண்ணவில்லை. வளையத்தை எண்ணினேன்.

உடனே ஏறப் பார்த்தோம். நாய்ப் பாறையைத் தாண்ட முடியவில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதிமூன்றாம் நாள் பார்த்தோம். இருபத்திரண்டாம் நாள்தான் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு வெளியிலிருந்து தாழ் போட்டிருந்தது. உள்ளே பெருக்கியிருந்தது. பெரிய பாத்திரத்தில் ஏழு பேருக்கு உண்டான சாப்பாடு உறைந்துபோய் மூடியிருந்தது. நாங்கள் திரும்பி வருவோம், பசியோடு வருவோம் என்று சமைத்திருக்கிறார். எத்தனை நாள் இருந்தார், எப்போது தாழைப் போட்டுவிட்டுத் தனியாக இறங்கினார் என்று தெரியவில்லை. தடம் இல்லை.

மேஸ்திரி மறந்துவிட்டு வந்தான் என்று உன் அம்மாவிடம் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. பனி அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்வோம் என்றேன். நான்தான் சொன்னேன், மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஏதாவது ஒரு இடம் எழுதவேண்டுமே என்று கண்ணாடி கேட்டான். மூன்றாம் வளைவு என்று போடச் சொன்னேன். அந்த இடம் எனக்கு வாயில் வந்தது, அவ்வளவுதான்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். "கண் மூடித் திறக்கறதுக்குள்ளம்மா" என்றேன்.

மனு எழுதுகிறவர் கீழே "தங்கள் உண்மையுள்ள" என்று போடவேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

*

ஜனவரி 6

மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்ததை நீங்கள் கேட்கவேண்டும் என்று முதலில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

அம்மா சாகும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்: "அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, மேஸ்திரியே சொன்னாரு." அதைச் சொல்லித்தான் தூங்குவாள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வதா, கத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் இந்தக் கடிதத்தில் செய்யப்போவதில்லை.

பயணம் உண்டு. 28ஆம் தேதி கிளம்புகிறோம். கொட்டகைவரை ஏற நாலு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். சங்கிலிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த வழியை நாம முழுசா அளந்துடலாம் மேடம்" என்றார்.

அப்பா எப்படி விடுபட்டார் என்று சொன்னீர்கள். எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை. பனி உருகும். உருகினால் தெரியும். யாராவது பார்த்திருப்பார்கள். உங்கள் கடிதம் அந்த இடத்தில் மட்டும் "தடம் இல்லை" என்று சட்டென்று முடிந்துவிடுகிறது. ஈரக் காலுறையை எங்கே வைப்பது என்பதுவரை சொல்லுகிற நீங்கள், இதில் மட்டும் சுருக்கமாக இருக்கிறீர்கள்.

அந்தக் கயிற்றில் வந்தவர்களில் இன்று யார் யார் உயிரோடு இருக்கிறார்கள்? எனக்கு அது மட்டும் வேண்டும். 22ஆம் தேதிக்குள் பதில் வந்தால் நல்லது. மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
சமையல்காரர் மகள்

*

ஜனவரி 12

அம்மா,

உன் கடுதாசியை மருந்துக்கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரம்மா முதல் வரியைப் படித்ததும் குரலைத் தாழ்த்தினாள். கத்தியே படி, எனக்குக் கேட்கவேண்டும் என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். மனு எழுதுகிறவர் எழுதினதையும் அவர்கள் எதிரிலேயே அவளிடம் சொன்னேன். முடிந்ததும் ஒருத்தர் தலைவலி மாத்திரையை வாங்காமலே போய்விட்டார். அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இப்போது அவள்தான் எழுதுகிறாள்.

நீ சொன்னது சரி, அந்த இடத்தில் சுருக்கினேன். இதையும் கேட்டுக்கொள்.

நாங்கள் திரும்பி வந்த அடுத்த கோடையில், அந்தப் பக்கம் போய்வந்த லாரி டிரைவர் ஒருத்தர் டிப்போவில் என்னைத் தேடி வந்தார். கீழ் ஊரிலிருந்து ஒரு வாலிபன் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றார். பனி உருகினதும் அவன் ஓடைக்கு மேலே ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். உன் அப்பாவைக் கண்டிருக்கிறான். பாதை இடப்பக்கம், இவர் வலப்பக்கம் இறங்கியிருக்கிறார். ஒரு பாறை மறைவில், மூட்டையைத் தலைக்கு வைத்து, தூங்குகிற மாதிரி இருந்தாராம். தூக்கிவர வழியில்லை. ஒருத்தனாகவே அங்கே கல் அடுக்கியிருக்கிறான். "அவங்க வந்தா நான் காட்டறேன், வேற யாருக்கும் இடம் தெரியாது" என்று சொன்னானாம்.

நான் போகவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், வலப்பக்கம் எப்படிப் போனார், தனியாக ஏன் இறங்கினார் என்று கேட்பாள் இல்லையா.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் டிப்போவுக்குப் போய் அந்தப் பக்கத்து டிரைவர்களை விசாரிப்பேன். சில வருஷம், ஆள் போய்விட்டான் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று காத்திருந்தேன். அவன் போய்விட்டால் எனக்குப் போகவேண்டிய இடம் இல்லாமல் போய்விடும் இல்லையா. அப்படியும் நினைத்தவன் நான். நீ மன்னிப்புக் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கயிற்றைக் கேட்டாய். முன்னாலிருந்து வருகிறேன்.

முன்னால் நான். என்னிடம் கேட்கவேண்டியதையெல்லாம் நீ கேட்டு முடித்துவிட்டாய். இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் வளையம் வெடிக்காரர். அத்தனை பாறை பிளந்தவர், குளியலறையில் வழுக்கிப் போனார். பெரிய வெள்ளம் வந்து ரயில் நிலையத்துக்குள் படகு ஓடிய வருஷம்.

இரண்டாவது தச்சர். மகள் வீட்டில், நெஞ்சுவலி. காலையில் ஒரு நாற்காலிக்குக் கால் போட்டுவிட்டு, மத்தியானம் அதிலேயே உட்கார்ந்து போய்விட்டார். தெருவிளக்கெல்லாம் வெள்ளையாக மாற்றின வருஷம்.

மூன்றாவது கொத்தனார். குடித்துக் குடித்துப் போனான். அந்தப் பனிக்காலத்துக்கு முன்னால் அவனுக்குக் குடி கிடையாது. கடைசியாகப் பார்த்தபோது, "மேஸ்திரி, அந்தப் பாத்திரத்தை யாராவது கழுவினோமா?" என்று கேட்டான். கழுவினோம் என்றேன். ஞாபகம் இருக்கிறது, அவன்தான் கழுவினான்.

நாலாவது கண்ணாடி. இவன் மட்டும் உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ரெண்டு தடவை என் வீட்டுக்கு வந்தான். ரெண்டு தடவையும் நான் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டேன். கண் ரெண்டும் தெரியாமல் போய், பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றின வருஷம் போனான்.

ஐந்தாவது ரேடியோ. போன வருஷம்தான். அந்தப் பனிக்காலத்துக்கு அப்புறம் அவன் அதிகம் பேசினதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. பேரை மட்டும் கேட்டவர்கள், இவனுக்கு ஏன் ரேடியோ என்று பேர் வந்தது என்று ஆச்சரியப்படுவார்கள்.

ஆறாவது வளையம்.

போன கோடையில் டிரைவரைக் கேட்டேன். இருக்காரு பெரியவரே, ஆடு மேய்க்க இப்போ மகன்தான் போறான், இவர் பனிக்காலம் முழுக்க வீட்டுல அடுப்புப் பக்கம்தான் என்றார். ஊருக்குள் நுழைந்ததும் மேலே ஓடைப் பக்கம் பார்த்த கடைசி வீடு. இடது கைக் கட்டைவிரல் பாதிதான் இருக்கும், அந்த இருபத்திரண்டு நாளில் எங்களோடு ஏறி ஏறிக் குளிரில் போனது அது. அவன் உண்மைப் பேரை நாலு மாசம் சொல்லிக்கொடுத்தான், எங்கள் ஒருத்தன் வாய்க்குள்ளும் நுழையவில்லை. ஆனால் நாங்கள் வைத்த பேர் அவனுக்குத் தெரியும், கூப்பிட்டால் திரும்புவான். வாசலில் நின்று நம் பேச்சிலேயே சத்தமாகக் கூப்பிடு: உப்புக்காரா.